அக்காவுக்கு ஒரு கைடு

'டேய், டெட் பரீட்சைக்கு நல்ல கைடா ஒண்ணு வாங்கிட்டு வா' என்று அக்கா போன் பண்ணியபோது யாருக்கோ என்று நினைத்தேன். 'எனக்குத்தான்டா' என்றாள்.

அக்கா ஸ்ரீவில்லிபுத்தூரில் கணக்கு டீச்சர். 2004-ல் வேலையில் சேர்ந்தவள். அப்போது தகுதித் தேர்வு என்ற பேச்சே கிடையாது. 2025 செப்டம்பர் 1-ம் தேதி சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்தது. ஓய்வு பெற ஐந்து வருஷத்துக்கு மேல் பாக்கி இருப்பவர்கள், எத்தனை வருஷம் பாடம் நடத்தியிருந்தாலும் சரி, இரண்டு வருஷத்துக்குள் பாஸ் பண்ண வேண்டும். இல்லாவிட்டால் வேலை கிடையாது. அக்காவுக்கு சர்வீஸ் 12 வருஷம் பாக்கி. வீட்டுக் கடனும் அதே 12 வருஷம் பாக்கி.

நான் பி.காம். எனக்குத் தெரிந்த கணக்கெல்லாம் டெபிட், கிரெடிட்தான். ராஜபாளையத்தில் கடை கடையாக ஏறி, தலையணை சைஸில் ஒரு கைடு வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். பத்தே நிமிஷத்தில் கணக்குப் பகுதியில் மூன்று விடைகளைச் சிவப்புப் பேனாவால் சுழித்துவிட்டாள் அக்கா. பழக்க தோஷம்!

ஆனால் கணக்கு பிரச்னை இல்லை. இரண்டாம் தாளில் 150 கேள்வி. குழந்தை மேம்பாடு 30, தமிழ் 30, இங்கிலீஷ் 30. கணக்கும் அறிவியலும் சேர்த்தே 60தான். 'தவளை இதயத்துல எத்தனை அறைன்னு எனக்கு எதுக்குடா?' என்று புலம்பினாள். அவள் பியாஜே, வைகாட்ஸ்கி என்று மனப்பாடம் செய்ய, அத்தான் எட்டிப் பார்த்து, 'யாரு, புது ஹெட்மாஸ்டருங்களா?' என்றார்.

மறுநாள் ராஜபாளையத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் விசாரித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்றவர் கேட்டார்: 'கைடு எதுக்கு சார்? ஆறாவதுல இருந்து பத்தாவது வரைக்கும் பாடப் புத்தகத்தைப் படிச்சாலே பாதிக் கிணறு தாண்டிரலாம். என்கிட்ட நோட்ஸ் இருக்கு. யாருக்கு?'

சொன்னேன். 'எங்க டீச்சரா!' என்றார்.

மில் ஆபீஸில் கணக்கு எழுதுகிறார். 2013-லேயே டெட் பாஸ். சர்ட்டிபிகேட்டுக்கு ஏழு வருஷம்தான் ஆயுசு என்றார்கள். 2021-ல் ஆயுள் முழுக்கச் செல்லும் என்றார்கள். நடுவில் 2018-ல், வேலைக்கு இன்னொரு போட்டித் தேர்வும் எழுத வேண்டும் என்று உத்தரவு வந்தது. சர்ட்டிபிகேட் பத்திரமாக இருக்கிறது, பீரோவில்.

ஞாயிற்றுக்கிழமை ஐந்து லாங் சைஸ் நோட்டுகளோடு பைக்கில் என்னோடு வந்தார். 'வாடா, டென்த் பி, கடைசி பெஞ்சுதானே?' என்றாள் அக்கா. அரை மணி நேரத்தில் அவர் இதயம் வரைந்து காட்ட, அக்கா கைகட்டி உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். பதிலுக்குப் போட்டித் தேர்வுக் கணக்கு அக்கா பொறுப்பு என்று ஒப்பந்தம்.

இவளுக்கு வேலை இருக்கிறது, சர்ட்டிபிகேட் இல்லை. அவருக்கு சர்ட்டிபிகேட் இருக்கிறது, வேலை இல்லை. என் பி.காம். மூளைக்கு இது டேலி ஆகவே இல்லை.

கிளம்பும்போது அக்கா பால்கோவா பாக்கெட்டை நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

'வேலை கிடைச்சதும் நானே வாங்கிட்டு வாரேன் டீச்சர். அதுக்குள்ள நீங்க பாஸ் பண்ணிருங்க.'