நாடாவில் இல்லாத பிழை

கூலிம் வட்டாரத்து ரப்பர்த் தோட்டமொன்றின் லயத்து வீட்டில், 1979ஆம் ஆண்டில், என் அன்னை பாடிய இரண்டு தாலாட்டுகளை ஒலிநாடாவில் பதிந்து வைத்தேன். அந்த லயம் இன்று இல்லை, அன்னையும் இல்லை. எஞ்சியது அந்நாடா ஒன்றே.

ஓய்வுபெற்ற தமிழாசிரியனாகிய நான், அக்குரலைக் கணினியில் ஏற்றிப் பேரப்பிள்ளைகளுக்கு அளிக்க விரும்பினேன். வீட்டிலிருந்தே இசையமைப்போர் பயன்படுத்தும் மென்பொருள் ஒன்றில் இரு பாடல்களையும் பதிந்தேன். இயக்கிக் கேட்டபோதோ, பாட்டினூடே வெடிப்பொலி எழுந்தது. குரல் அறுந்து அறுந்து வந்தது. பழமை நாடாவை அரித்துவிட்டது என்றே முடிவு கட்டினேன். இரைச்சலை நீக்கும் வடிகட்டியை முதற்பாட்டின்மீது மும்முறை செலுத்தினேன். வெடிப்பொலி போகவில்லை, அன்னையின் குரல்தான் தேய்ந்து, தகரக் குவளைக்குள்ளிருந்து வருவது போலாயிற்று. மூலப் பதிவைத் தனியே காவாமல் அதன்மேலேயே சேமித்தும் விட்டேன். மீண்டும் பதிய முயன்றபோது நாடா கருவியில் சிக்கி அறுந்தது.

1996இல் திறக்கப்பட்ட கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்காவில் என் மகன் பணிபுரிகிறான். அவன் வந்து ஒன்றே ஒன்று கேட்டான்: "அப்பா, வெடிப்பொலி ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் வருகிறதா, இடம் மாறுகிறதா?"

நான் கவனித்ததில்லை. இரண்டாம் பாட்டை இருமுறை கேட்டோம். முதலில் மூன்றாம் அடியில் வெடித்தது. மறுமுறை அவ்வடி தெளிந்து, ஐந்தாம் அடியில் வெடித்தது.

"பதிவில் பிழையிருந்தால் இடம் மாறாது. பிழை, கணினி அதை ஒலிக்கச் செய்யும் முறையில் இருக்கிறது," என்றான்.

லயத்துக் குழாய்க்கு மேலிருந்த நீர்த்தொட்டியை நினைத்துக்கொள்ளச் சொன்னான். தொட்டி சிறிதாயின், நீரேற்றம் சற்றே நின்றாலும் குழாய் விக்கும். ஒலிக்கும் அத்தகைய தொட்டி உண்டு. அதனைப் பஃபர் என்பர். நொடிக்கு 44,100 ஒலிமாதிரிகள் வேண்டிய இடத்தில், என் கணினியின் தொட்டி 128 மாதிரிகளையே கொண்டிருந்தது. அது நொடியின் ஆயிரத்தில் மூன்று பங்கு நேரத்திற்குக்கூடப் போதாது. அதற்குள் கணினி வேறு வேலையில் கவனம் செலுத்தினால் ஒலி அறும். தொட்டியை 1,024 ஆக்கினான். ஏறத்தாழ 23 பங்கு நேரம் கிடைத்தது. திறந்திருந்த பிற நிரல்களையும் மூடினான். தொட்டி பெரிதானால், பாடிக்கொண்டே பதிவோர்க்குத் தம் குரல் சற்றுத் தாமதித்துக் கேட்கும். கேட்க மட்டும் அமர்வோர்க்கு அதனால் தீங்கில்லை.

இரண்டாம் பாட்டு தெளிந்த நீராய் ஒலித்தது. தகரக் கூரைமேல் விழுந்த மழையும், அன்னை இடையில் மூச்சு வாங்கியதும்கூடக் கேட்டன.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. வகுப்பில் தடுமாறி வாசித்த பிள்ளைகள் நினைவில் வந்தனர். அவர்கள் ஒரே சொல்லில் தடுமாறினரா, நாளுக்கொரு சொல்லிலா என்று நான் எண்ணிப் பார்த்ததுண்டா? "படிப்பு வரவில்லை" என்று எத்தனை பேர்மீது வடிகட்டியைச் செலுத்தினேனோ!

முதற்பாட்டை நான் அழிக்கவில்லை. தகரக் குவளைக் குரலாகவே அது இருக்கிறது. யாரையேனும் குறைகூற நா எழும்போது, அதனை ஒருமுறை கேட்டுக்கொள்கிறேன்.