ஒரே பந்தி

'பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து' என்று நம் முன்னோர்கள் சொன்னாலும் சொன்னார்கள், கல்யாண வீடுகளில் அதை அட்சரம் பிசகாமல் நிறைவேற்றி வருகிறோம். ஆனால் பந்திக்கு முந்துவது நமக்கு மட்டுமே உரிய சொத்து என்று எண்ணிவிட வேண்டாம். கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க நாட்டுக் கொரிந்து நகரத்திலும் இதே கதைதான். அங்கே கிறிஸ்தவர்கள் கூடிச் சாப்பிட்ட திருவிருந்தில், வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு வயிறு முட்ட உண்டார்களாம். ஏழைகள் பசியோடு பார்த்துக்கொண்டிருந்தார்களாம். பவுல் அப்போஸ்தலர் காரசாரமாக ஒரு கடிதம் எழுதினார். அந்தக் கண்டனம் பைபிளிலேயே இருக்கிறது.

ஏசுநாதர் சிலுவையில் மாள்வதற்கு முந்திய இரவு, சீடர்களோடு உட்கார்ந்து அப்பத்தைப் பிட்டுக் கொடுத்தார்; திராட்சரசப் பாத்திரத்தையும் கொடுத்தார். அதன் நினைவாக நடப்பதுதான் திருவிருந்து. கத்தோலிக்கர் இதை நற்கருணை என்பார்கள். பழைய காலத்துப் பாட்டிமாருக்கு 'ராப்போஜனம்'. இரட்சணிய சேனைக்காரர்களிடம் இந்தச் சடங்கு இல்லை.

இதில்தான் எத்தனை மாறுதல்கள்! முன்பெல்லாம் கத்தோலிக்கர் நடுநிசி முதல் பச்சைத் தண்ணீர்கூடப் பருகாமல் நற்கருணை வாங்க வேண்டும். 1953-ல் தண்ணீருக்கு அனுமதி கிடைத்தது. 1957-ல் விரதம் மூன்று மணி நேரமாயிற்று; 1964-ல் ஒரு மணி நேரமாகச் சுருங்கிற்று. லத்தீன் போய்த் தமிழ் வந்தது. மக்களுக்கு முதுகு காட்டி நின்ற குருவும் முகம் காட்டத் தொடங்கினார்.

இந்த விஷயத்தில் ரோமாபுரியை நம் தென்னாடு முந்திக்கொண்டது என்பது பலருக்குத் தெரியாது. 1947 செப்டம்பர் 27-ஆம் தேதி சென்னை ஸெயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. அதுவரை தனித்தனியாக இருந்த சபைகள் ஒரே சபையாயின. 1950-ல் அவர்கள் வகுத்த திருவிருந்து முறையில், குருவானவர் மேஜைக்குப் பின்னால் நின்று சபையைப் பார்த்து நடத்தினார். ஒருவர் கையை ஒருவர் தொட்டுச் சமாதானம் கொடுக்கும் அழகான வழக்கத்தையும், கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்களிடமிருந்து எடுத்துச் சேர்த்தார்கள்.

சென்ற மாதம் நண்பர் ஒருவர் என்னைத் தம் கோயிலுக்கு அழைத்துப் போனார். நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன். கார் வைத்திருப்பவரும் அந்தக் காரைத் துடைப்பவரும் பக்கத்தில் பக்கத்தில் முழங்காலிட்டுக் கையேந்தினார்கள். எல்லோருக்கும் அளவு ஒன்றே. ஒரு சிறு அப்பத் துண்டு. ஆனால் திராட்சரசம் மட்டும், மருந்து குடிக்கும் அவுன்ஸ் கிளாஸ் போன்ற குட்டிக் கிண்ணங்களில் ஆளுக்கொன்றாக வந்தது.

"2020-ல் கொரோனா வந்ததும் இப்படி மாற்றினோம் ஸார். அதற்கு முன் எல்லோருக்கும் ஒரே பாத்திரம். எனக்கென்னவோ மனசு கேட்கவில்லை" என்றார் நண்பர்.

நோய்க்குப் பயந்து கிண்ணத்தைப் பிரித்ததில் குற்றமில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பயப்பட வேண்டிய பிரிவினை வேறொன்று இருக்கிறது. 1833-ல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்ஸன், சபைக்குள் ஜாதி வித்தியாசம் கூடவே கூடாது என்று உத்தரவு போட்டார். விளைவு? தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் கோயிலை விட்டே விலகினார்கள். திருவிருந்தை இழந்தாலும் இழப்போம், ஜாதியை இழக்கமாட்டோம் என்ற வைராக்கியம்! இன்றைக்கும் சில ஊர்களில் ஒரே பீடத்தில் அப்பம் வாங்கியவர்களுக்குக் கல்லறை தனித்தனி.

நண்பர் தம் பாட்டியைப் பற்றி ஒன்று சொன்னார். மறுநாள் ராப்போஜனம் என்றால், சனிக்கிழமை சாயங்காலமே பாட்டி முக்காட்டைப் போட்டுக்கொண்டு புறப்பட்டுவிடுவாளாம். யாரோடு மனஸ்தாபமோ அந்த வீட்டுக்கு!

"ஒரு தடவை எதிர்வீட்டுக்காரி கதவைத் திறக்கவில்லை. பாட்டி திண்ணையிலேயே உட்கார்ந்துவிட்டாள். விளக்கு வைக்கிற நேரத்துக்கு அவளே வெளியே வந்து, 'உள்ளே வாங்க அக்கா' என்றாளாம்."

திருவிருந்து மாதம் ஒரு முறையா, வாரந்தோறுமா, ஒரே பாத்திரமா, தனிக் கிண்ணமா என்று சபைகளில் விவாதம் நடக்கிறது, நடக்கட்டும். வெளியிலிருந்து பார்க்கும் எனக்கோ, அந்தச் சனிக்கிழமைத் திண்ணை பெரிதாகத் தெரிகிறது. ஞாயிறு காலை கையேந்துவது எளிது. முந்தின நாள் சாயங்காலம் எதிர்வீட்டுப் படியேறுகிறோமே, அதுதான் கஷ்டம்.