அக்காவோடு திருத்தங்கல் மலைக்கு

போன மாதம் ஒரு சனிக்கிழமை என் மகளைக் கூட்டிக்கொண்டு திருத்தங்கல் போய் வந்தேன். எனக்குப் பிறந்த ஊர். கல்யாணமாகி மதுரைக்கு வந்து 25 வருடம் ஓடிவிட்டது. நல்லது கெட்டதுக்குப் போவேன். போன காலோடு திரும்பிவிடுவேன். ஊரைச் சுற்றிப் பார்க்கவென்று போனது இதுதான் முதல் தடவை. சொந்த ஊரை யார் சுற்றிப் பார்க்கிறார்கள், சொல்லுங்கள்!

மகள் கல்லூரியில் சரித்திரம் படிக்கிறாள். அவள் கையில் வார்டு மூர் என்ற அமெரிக்கர் 1953-ல் எழுதிய ஒரு நாவல். "அவங்க ஊர் உள்நாட்டுச் சண்டையில நிஜமா தோத்தது தெற்குப் பக்கம். இந்தக் கதையில தெற்கு ஜெயிச்சுடுது. அப்புறம் உலகம் எப்படி மாறிப்போகும்னு எழுதியிருக்கார்மா" என்றாள். "நடக்காததை எழுதி என்ன ஆகப்போகுது?" என்று கேட்டுவிட்டு, புளியோதரைப் பொட்டலத்தைப் பையில் அடுக்கினேன்.

மதுரையிலிருந்து செங்கோட்டை போகும் ரயில் விருதுநகரில் மேற்கே திரும்புகிறது. 1876-லேயே விருதுநகர் வழியாகத் தூத்துக்குடிக்கு ரயில் ஓடியிருக்கிறது. அப்போது அந்த ஊருக்கு விருதுபட்டி என்று பெயர். ஆனால் திருத்தங்கல், சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வழியாகத் தென்காசிக்குப் பாதை போட்டது 1927-ல்தான். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அது மீட்டர்கேஜ். இரண்டாயிரத்துக்குப் பிறகு அகலப் பாதை ஆகிவிட்டது. ஜன்னலுக்கு வெளியே அதே கரிசல், அதே வேலிக்கருவை, அதே வெயில்.

இந்த வெயில்தான் எங்கள் பக்கத்துக்குச் சோறு போட்டது. வானம் பார்த்த பூமி. மழை பொய்த்தால் பருத்தி இல்லை, கம்பு இல்லை. ஆனால் தீக்குச்சி காய இதைவிட நல்ல இடம் கிடையாது. 1922-ல் சிவகாசியிலிருந்து ஐய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். மறு வருடம் இங்கே தொழில் ஆரம்பமானது. தீப்பெட்டிக்குப் பின்னாலேயே லேபிள் அடிக்க அச்சகம் வந்தது. இரண்டாம் உலகப்போர் சமயத்தில் வெளிநாட்டு வெடி வருவது நின்றதும் பட்டாசும் வேரூன்றிவிட்டது. சிவகாசியை ஒட்டியே இருந்ததால் திருத்தங்கலிலும் தெருவுக்குத் தெரு இதே வேலைதான். எங்கள் ஊரில் இதைத் தொழிற்சாலை என்று யாரும் சொல்வதில்லை. தீப்பெட்டி ஆபீஸ், வெடி ஆபீஸ் என்றுதான் சொல்வோம். ஆபீஸுக்குப் போகிறவள் என்றால் வெளியூர்க்காரர்கள் வேறு மாதிரி நினைத்துக்கொள்வார்கள். 2021-ல் திருத்தங்கலைச் சிவகாசி மாநகராட்சியோடு சேர்த்தும் ஆகிவிட்டது.

ஸ்டேஷனில் அக்கா நின்றிருந்தாள். என்னைவிட 4 வயது மூத்தவள். "ஏ புள்ள, ஏன் இப்படி எளச்சுப்போன?" என்று ஆரம்பித்தவள் வீடு போகும்வரை நிறுத்தவில்லை. சமையல் தயாராக இருந்தது. புளியோதரையை மகள் வெளியில் எடுக்கக்கூட இல்லை.

அக்காவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கப்பா கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்கியவர். 1984-ல் இடுப்பு பிடித்துக்கொண்டு படுத்துவிட்டார். அந்த ஜூன் மாதம் அக்காவைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினார்கள். அதே ஜூன் மாதம் என்னைச் சேர்த்தார்கள். அவளுக்கு 9 வயது, எனக்கு 5. என்னைச் சேர்த்ததற்குப் படிப்பு மட்டும் காரணமில்லை. எம்.ஜி.ஆர். 1982-ல் கொண்டுவந்த சத்துணவு அங்கே மத்தியானம் கிடைக்கும். வீட்டில் ஒரு வயிறு குறையும்.

அக்கா இருட்டிலேயே எழுந்து தீப்பெட்டி ஆபீஸுக்கு நடப்பாள். சுற்றுப்பட்டுக் கிராமத்துப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வேன்கள் தெருவைத் தாண்டிப் போகும் சத்தம் தூக்கத்தில் கேட்கும். அவளுக்குச் சட்டத்தில் குச்சி அடுக்குகிற வேலை. பல் பல்லாக வெட்டிய மரச்சட்டத்தில் ஒவ்வொரு பல்லிலும் ஒரு குச்சி உட்கார வேண்டும். அடுக்கி முடித்ததும் முனையை மெழுகிலும் பிறகு மருந்திலும் முக்கிக் காயவைப்பார்கள். கூலி சட்டக் கணக்குக்குத்தான். கை எவ்வளவு வேகமோ அவ்வளவு காசு. பிஞ்சு விரலுக்குத்தான் அந்த வேகம் வரும் என்று பெருமையாக வேறு பேசிக்கொள்வார்கள்! சாயந்திரம் வந்தும் சும்மா இருக்க முடியாது. பெட்டி ஒட்ட அட்டை வாங்கி வந்திருப்பாள். நானும் பசை தடவிக் கொடுப்பேன், வீட்டுப் பாடத்தைச் சத்தம் போட்டுச் சொல்லிக்கொண்டே.

தீப்பெட்டி, பட்டாசு வேலைகளில் 14 வயதுக்குக் கீழே பிள்ளைகளை வைக்கக்கூடாது என்று 1986-ல் சட்டம் வந்தது. அப்போது அக்காவுக்கு 11 வயது. வீட்டில் குடும்பத்தோடு செய்தால் அந்தச் சட்டத்தில் சேராது என்றும் எழுதியிருந்தார்கள். சிவகாசிப் பிள்ளைகளுக்காக எம்.சி. மேத்தா என்ற வக்கீல் போட்ட வழக்கில், வேலைக்கு வைத்த முதலாளி ஒரு பிள்ளைக்கு 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது 1996 டிசம்பரில். அப்போது அக்கா இடுப்பில் கைப்பிள்ளை.

சாப்பிட்டு முடித்ததும் மகள் செல்போனில் சில பழைய படங்களைக் காட்டினாள். அமெரிக்காவின் தெற்கே ஜார்ஜியாவில் மேக்கன் என்று ஓர் ஊர். அதுவும் பருத்தியும் பஞ்சாலையும் ரயிலுமாக வளர்ந்த ஊர். 1909-ல் லூயிஸ் ஹைன் என்பவர் அங்கே ஒரு மில்லுக்குள் எடுத்த படத்தில், எட்டாத நூலைப் பிணைக்க இரண்டு பையன்கள் மெஷின் மேலேயே ஏறி நிற்கிறார்கள். இந்த மாதிரிப் படங்களைப் பார்த்துத்தான் அந்த ஊர்ச் சனங்களுக்கு மனசு உறுத்தியிருக்கிறது. ஆனாலும் நாடு முழுவதற்குமாகச் சட்டம் வந்து நிலைக்க 1938 ஆகிவிட்டது.

அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். "காலுல செருப்பு இல்லியே தாயி" என்றாள். பிறகு, "பின்னால ஒருத்தருமா கூப்பிட்டு எறங்கச் சொல்லல?" என்று கேட்டாள்.

வெயில் தாழ்ந்ததும் மலைக்குப் போனோம். மலை என்றால் பழநி மாதிரி நினைத்துவிடாதீர்கள். சின்னப் பாறைக் குன்றுதான். கைக்குழந்தைக்காரர்கள்கூடத் தைரியமாக ஏறலாம். கல் சுடும் என்பதால் காலையிலோ சாயந்திரமோ போவது நல்லது. நின்ற நாராயணப் பெருமாள் கோயில் 108 திவ்ய தேசங்களில் ஒன்று. பூதத்தாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் பாடியது. திரு என்கிற மகாலட்சுமி தங்கித் தவம் செய்ததால் திருத்தங்கல். ஆதிசேஷனோடு யார் பெரியவர் என்று போட்டி போட்டுத் தோற்ற ஆலமரம்தான் மலையாக வந்து பெருமாளைத் தாங்குகிறதாம். அதே மலையில் கருநெல்லிநாதர் என்று சிவனும் இருக்கிறார். இரண்டு சன்னிதிக்கும் ஒரே மூச்சில் போய்வரலாம்.

பிராகாரத்தில் உட்கார்ந்தபோதுதான் மகள் அந்தக் கதையைச் சொன்னாள். பத்தாவது வரை படித்த எனக்கே அது தெரியாது.

சிலப்பதிகாரத்தில் எங்கள் ஊர் வருகிறது. தங்கால் என்ற பெயரில். பராசரன் என்ற அந்தணர் சேர ராஜாவிடம் பரிசு வாங்கிக்கொண்டு இந்த வழியாகப் போகும்போது தங்காலில் இளைப்பாறுகிறார். தெருப்பிள்ளைகள் கூடுகிறார்கள். அதில் ஒரு சிறுவன், மழலை மாறாத வாயால் வேதத்தைப் பிசகாமல் சொல்கிறான். சந்தோஷப்பட்ட பராசரன் நகைகளை அவனுக்குப் போட்டுவிட்டுப் போகிறார். நேற்றுவரை ஒன்றுமில்லாத வீட்டில் இன்று நகை என்றால் ஊர் சும்மா இருக்குமா? ராஜாவுக்குச் சேர வேண்டிய புதையலை எடுத்துக்கொண்டான் என்று பையனின் அப்பா வார்த்திகனைச் சிறையில் போட்டுவிட்டார்கள். அவர் மனைவி பெயர் கார்த்திகை. தரையில் விழுந்து புரண்டு அழுகிறாள். உடனே துர்க்கை கோயில் கதவு அடைத்துக்கொண்டு திறக்க மறுக்கிறது. பாண்டியன் பதறிப்போய் விசாரிக்கிறான். நடந்தது தெரிந்ததும் வார்த்திகனிடம், என் ஆட்சி தவறிவிட்டது, பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டு, தங்காலையும் வயலூரையும் கொடுத்து, மண்ணில் விழுந்து கும்பிடுகிறான். கதவு திறந்துகொள்கிறது.

இந்தக் கதையை இளங்கோவடிகள் எங்கே வைத்திருக்கிறார் தெரியுமா? மதுரை எரிந்த பிறகு. புருஷனைப் பறிகொடுத்து நிற்கிற கண்ணகியிடம் மதுராபதித் தெய்வம் வந்து சொல்கிறது. அங்கேயும் பொய்யான திருட்டுக் குற்றம், இங்கேயும் அதேதான். இங்கே ராஜா விசாரித்தான், கார்த்திகையின் புருஷன் வீடு திரும்பினான். அங்கே விசாரிக்கவில்லை. "கண்ணகிக்கு எப்படி நடந்திருக்கணுமோ அப்படி நம்ம ஊர்ல நடந்திருக்கும்மா" என்றாள் மகள். இன்னொரு ஆச்சரியமும் சொன்னாள். கோவலனைக் காட்டிக்கொடுத்தவன் ஒரு பொற்கொல்லன். சங்கப் பாட்டுப் பாடிய புலவர்களில் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் பெயரே தங்கால் பொற்கொல்லனார்!

நடக்காததை எழுதி என்ன ஆகப்போகிறது என்று காலையில் கேட்டது நான்தான்.

மகள் படம் எடுக்கக் கீழே இறங்கினாள். நானும் அக்காவும் மட்டும். அப்பா தவறி 12 வருடம் ஆகிறது. கடைசியில் மதுரையில் என் வீட்டில்தான் கிடந்தார். ஒரு ராத்திரி தண்ணீர் கொடுக்கும்போது, "பெரியவளை நிறுத்துனது தப்பு. அவகிட்ட நான் கேட்டிருக்கணும்" என்றார். அதை நான் அக்காவிடம் சொல்லவில்லை. சொன்னால் அவள் அழுவாள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நிஜக் காரணம் வேறு. அவள் நின்றதால்தானே நான் படித்தேன்? தப்பு என்று ஒப்புக்கொண்டால் என் பத்தாம் வகுப்புக்கும் அதில் பங்கு இருக்கிறதே!

அன்றைக்குச் சொல்லிவிட்டேன்.

அக்கா அழவில்லை. முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டே, "எப்பச் சொன்னாரு?" என்றாள். சொன்னேன். "தண்ணி குடிச்சாரா?" என்றாள். குடித்தார் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "நான் போயிருந்தா நீ போயிருக்க மாட்ட. அப்புறம் இந்தக் கதையச் சொல்ல அவ எங்க இருந்து வருவா?" என்று கீழே நின்ற என் மகளைக் காட்டினாள். பிறகு என் பக்கம் திரும்பாமலே, "இருந்தாலும் எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்" என்றாள். அப்பாவைச் சொன்னாளா, என்னைச் சொன்னாளா, தெரியவில்லை. நான் கேட்கவும் இல்லை.

திரும்பும்போது ஸ்டேஷனுக்கு வந்தாள். சாத்தூர் சேவு ஒரு கிலோவைப் பையில் திணித்தாள். ரயில் வர நேரமிருந்ததால் மகளிடம் அந்தக் கதையை மறுபடி கேட்டாள். ராஜா விழுந்து கும்பிடுகிற இடத்தில், "விழுந்தே கும்பிட்டானா? ராசாவா?" என்று இரண்டு தடவை கேட்டாள். 1990-களில் அறிவொளி வகுப்பில் எழுத்துப் படித்தவள். கடைப் பலகை, கல்யாணப் பத்திரிகை எல்லாம் எழுத்துக்கூட்டிப் படித்துவிடுவாள். "நீதான் புஸ்தகத்துக்கெல்லாம் எழுதுறியே. இதையும் எழுதி அனுப்பு புள்ள. நானே படிச்சுக்கிறேன்" என்றாள்.

அதனால்தான் எழுதினேன். ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள்: அக்காவுக்குக் கண்ணாடி போட்டும் பொடி எழுத்து தெரிவதில்லை. கொஞ்சம் பெரிய எழுத்தில் போட்டால் புண்ணியமாகப் போகும்.