மலையும் சுமையும்

நம்மவர்க்கு மலை என்றதும் பத்துமலையின் 272 படிகளும் தோளில் ஏறும் காவடியுமே நினைவுக்கு வரும். மலையைக் காண்பதற்காகவே மலை ஏறுகிறவர்கள் நம்முள் மிகச் சிலர். அச் சிலரோடு நாமும் சேர வேண்டுமென்ற ஆசை ஓராண்டுக்கு முன் நமக்கு உண்டாயிற்று. அதுவும் சிறிய ஆசையன்று. ஆப்பிரிக்கக் கண்டத்திலேயே உயர்ந்ததாகிய கிளிமஞ்சாரோ எரிமலையின் உச்சியில், 5,895 மீட்டர் உயரத்தில், ஒரு நாள் காலையில் நின்று பார்க்க வேண்டுமென்பது. நாமும் நம் தமக்கையாரும் நண்பர் இருவருமாக நால்வர் கூடினோம். நால்வரும் ஜொகூர் ரப்பர்த் தோட்டங்களில் பால்மரம் வெட்டினவர்களின் பிள்ளைகள். பயணம் இன்னும் நடந்தேறவில்லை. அதற்கான ஏற்பாட்டிலே நமக்கு நேர்ந்த ஒரு சங்கடத்தைப்பற்றியே இங்கு எழுதுகிறோம்.

பயிற்சிக்கு வேறெங்கும் போகவேண்டியதில்லை. தங்காக் வட்டாரத்திலே லேடாங் மலை இருக்கிறது. உயரம் 1,276 மீட்டர். ஜொகூரில் அதனினும் உயர்ந்த மலை வேறில்லை. மலாக்கா சுல்தான் ஒருவர் அம் மலையின் இளவரசியை மணம் பேச ஆள் அனுப்பினார் என்றும், அவள் மலாக்காவிலிருந்து மலைவரை பொன்னால் ஒரு பாலமும் வெள்ளியால் ஒரு பாலமும், தட்டுத் தட்டாகக் கொசுவின் ஈரலும் கேட்டாள் என்றும் மலாய்க்காரர் கதை சொல்லுவர். அவ்வளவு பொன்னையும் வெள்ளியையும் யார் தலையில் ஏற்றி மலைக்குக் கொண்டுபோவது என்பதைமட்டும் கதை சொல்லவில்லை.

1854-ஆம் ஆண்டில் ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ் என்னும் இயற்கை ஆராய்ச்சியாளர் இம் மலையில் ஏறினார். மலாக்காப் பக்கத்திலுள்ள ஆயர் பானாஸ் என்னும் ஊரிலிருந்து, மூட்டை சுமக்க ஆறு மலாய்க்காரரை அமர்த்திக்கொண்டு, நண்பர் ஒருவருடன் அவர் புறப்பட்டார். அட்டைக் கடியையும், மேலே தண்ணீர் கிடையாமல் கெண்டிச்செடியின் குடுவையில் பூச்சிகளோடு கிடந்த நீரைக் குடித்துத் தாகம் தீர்த்ததையும் தம் நூலில் எழுதியிருக்கிறார். கிளிமஞ்சாரோவைப்பற்றிப் படிக்கத் தொடங்கியபின்புதான், அந்த ஆறுபேரும் அன்றிரவு எங்கே படுத்தார்கள் என்று கேட்க நமக்குத் தோன்றிற்று. தோன்றச் செய்தவர் நம் தாயார்.

தாயாருக்கு இப்போது எண்பது வயது. இருபத்தெட்டு ஆண்டுகள் லேடாங் மலையைப் பார்த்துக்கொண்டே பால்மரம் வெட்டினவர். “நீங்கள் ஒரு தடவையாவது அதில் ஏறினதுண்டா, அம்மா?” என்று கேட்டோம். “ஏறினால் அன்றைக்குச் சம்பளம் யாரு தம்பி கொடுப்பா?” என்று திருப்பிக் கேட்டார். நாம் முழங்கால் வலியோடு லேடாங்கிலிருந்து இறங்கிவந்த மாலையில், உச்சியில் என்ன இருக்கிறது என்று விசாரித்தார். பாறையும் காற்றும் மலாக்கா நீரிணையின் தோற்றமும் என்றோம். “அவ்வளவுதானா” என்று சொல்லிவிட்டுக் கால்வலிக்குத் தைலம் எடுத்து வந்தார்.

கிளிமஞ்சாரோ டான்சானியா நாட்டில், பூமத்திய ரேகைக்குச் சற்றுத் தெற்கே இருக்கிறது. ஷிரா, கிபோ, மவென்சி என மூன்று எரிமலைகள் சேர்ந்து ஆன மலை அது. உச்சி இருப்பது கிபோவில். அடிவாரத்தில் சக்கா மக்களின் வாழையும் காப்பியும், அதன்மேல் மழைக்காடு, பிறகு புதர்வெளி, பிறகு புல்லும் அரிதான கல்வெளி, முடிவில் பனி. அப் பனியும் தேய்ந்துவருகிறது. 1912-இல் இருந்த பனிப்பரப்பில் ஐந்தில் நான்கு பங்குக்குமேல் மறைந்துவிட்டது. 1848-இல் ரெப்மான் என்ற பாதிரியார் அம் மலைமேல் பனியைக் கண்டேன் என்று எழுதியபோது, வெப்ப நாட்டில் பனியா என்று ஐரோப்பியப் பண்டிதர் சிலர் நகைத்தனர். இன்னும் சில காலம் போனால் அவர்கள் நகைத்தது நியாயமென்று ஆகிவிடும்போலும்!

வழிகாட்டி இல்லாமல் ஏறுவதற்கு அங்கே அனுமதியில்லை. பதிவுபெற்ற கம்பனி ஒன்றின் வழியாகவே போகவேண்டும். மார்ச்சு முதல் மே வரை பெருமழையும், நவம்பரில் சிறுமழையும் பெய்வதால், சனவரி, பிப்ரவரியோ சூனிலிருந்து அக்டோபர் வரையோ செல்வது நலம். கயிறு கட்டித் தொங்கவேண்டிய இடம் வழக்கமான பாதைகளில் இல்லை. ஆபத்தெல்லாம் காற்றிலே இருக்கிறது. உச்சியில் காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறையப் பாதியே. மெள்ள மெள்ள ஏறி உடம்பைப் பழக்காவிட்டால் தலைவலி, வாந்தி, உறக்கமின்மை வரும். முற்றினால் நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்து உயிருக்கே முடிவாகும். அதற்கு முதல் மருந்து, தாமதமின்றிக் கீழே இறங்குவதுதான். ‘போலே போலே’ என்பது அங்குள்ள வழிகாட்டிகள் ஓயாமல் சொல்லும் சுவாகிலிச் சொல். மெதுவாக, மெதுவாக என்று பொருள். ஐந்து நாளில் ஏறி இறங்க முயல்வோரைவிட எட்டு நாள் எடுத்துக்கொள்வோரே மிகுதியாக உச்சியை எட்டுகிறார்கள்.

ஆனால் ஒவ்வொரு நாளுக்கும் பணம் வேண்டுமே! கம்பனிகள் சிலவற்றுக்கு எழுதிக் கேட்டோம். ஆளுக்கு ஆயிரத்து முந்நூறு அமெரிக்க டாலரில் ஆறு நாளில் முடித்துத் தருவதாக ஒன்று எழுதிற்று. மற்றொன்று எட்டு நாளுக்கு ஏறக்குறைய அதில் இரு மடங்கு கேட்டது. முதலாவதற்கே முன்பணம் கட்டிவிடுவது என்று நால்வரும் முடிவு செய்தோம். அவர்கள் அனுப்பிய பட்டியலைத் தாயாருக்குப் படித்துக் காட்டினோம். தலைமை வழிகாட்டி ஒருவர், துணை வழிகாட்டி இருவர், சமையற்காரர் ஒருவர், சுமைக்காரர் பன்னிருவர்.

தாயார் விரல்விட்டு எண்ணினார். “நாலு பேர் நடக்கிறதுக்குப் பதினாறு பேரா? அவங்க எல்லாம் எங்கே படுப்பாங்க?”

பட்டியலில் நமக்குக் கூடாரம் இருந்தது, மெத்தை இருந்தது, உண்பதற்குத் தனிக் கூடாரமும் மேசை நாற்காலியும் இருந்தன. அவர்கள் படுப்பதைப்பற்றி ஒரு வரியும் இல்லை. அன்றிரவே மூன்று கேள்விகளை எழுதி அனுப்பினோம். சுமைக்காரருக்கு நாளொன்றுக்குக் கையில் என்ன கூலி கிடைக்கும்? எத்தனை வேளை உணவு? படுப்பதற்கு எங்கே இடம்? மலிவான கம்பனியின் மறுமொழி மிக மரியாதையாக வந்தது. “கவலை வேண்டாம், அவர்கள் இம் மலையிலேயே பிறந்தவர்கள், அவர்களுக்கு இதெல்லாம் பழக்கம்” என்று அதில் கண்டிருந்தது.

இந்தச் சொல்லை நாம் கேட்டிருக்கிறோம். தோட்டத்து லயங்களில் ஓர் அறையில் எட்டுப்பேர் உறங்கியதற்கும், விடியுமுன் பெரட்டுக்களத்தில் நின்றதற்கும், பால்வாளி இரண்டைக் கம்பில் கோத்துத் தோளில் வைத்து மேடு பள்ளம் நடந்ததற்கும் சொல்லப்பட்ட சமாதானம் இதுவே. 1910-இல் ஒப்பந்தக் கூலி முறை ஒழிந்தது. 1938-இல் இந்திய அரசாங்கம் மலாயாவுக்கு ஆள் அனுப்புவதை நிறுத்தும்வரை கங்காணி முறை நடந்தது. கங்காணிக்குத் தலைக்காசு, அவருக்குமேல் கிராணி, அவருக்குமேல் துரை, இத்தனைபேர் கையையும் கடந்து வந்ததே தொழிலாளியின் சம்பளம். கிளிமஞ்சாரோவிலும் வெளிநாட்டு முகவர், உள்ளூர்க் கம்பனி, வழிகாட்டி என்ற வரிசைக்குக் கடைசியில்தான் சுமைக்காரர் நிற்கிறார். சிலவிடங்களில் வேலை கிடைப்பதற்கே வழிகாட்டிக்குக் கைக்கூலி கொடுக்க நேர்ந்ததாகவும், கூலி கொடாமல் பயணிகள் தரும் இனாமையே கூலியென்று காட்டிவிடுவதாகவும் படித்தபோது, நமக்குத் தூக்கம் வரவில்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தோம். வெளிநாட்டார் ஒருவர் அங்கே பூங்காவுக்கு நுழைவு, கூடாரத் தங்கல் ஆகியவற்றுக்காக நாளொன்றுக்கு நூறு டாலருக்குமேல் கட்டவேண்டும். ஆறு நாளுக்கு அதுவே மொத்தத்தில் பாதியை விழுங்கிவிடும். மீதியில் உணவு, வண்டி, கம்பனியின் இலாபம் போக, பதினாறுபேருக்கு என்ன மிஞ்சும்? மலிவு எங்கிருந்து வந்தது என்று தெரிந்துபோயிற்று.

அதற்குமேல் நால்வருக்குள் பெரிய வழக்கு நடந்தது. நண்பர் ஒருவர் நியாயமாகவே பேசினார். “நாம் போகாவிட்டால் அவர்களுக்கு உள்ள வேலையும் போகும். ஊரெல்லாம் கொடுக்கும் விலையை நாமும் கொடுக்கிறோம். டான்சானியாவைத் திருத்த நாம் யார்?” என்றார். வீட்டுக் கடனும் பிள்ளைகளின் படிப்பும் உள்ளவர். அவரைக் குறை சொல்வதற்கில்லை. தமக்கையார் வாதாடவில்லை. “நம் பாட்டன் சுமந்தபோது யாராவது ஒரு கடிதம் எழுதியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்” என்றுமட்டும் சொன்னார். பணம் கட்டுவதை ஒத்திவைத்தோம்.

இதற்காகவே வேலை செய்யும் அமைப்பு ஒன்று மலையடிவாரத்தில் மோஷி நகரில் 2003 முதல் இருக்கிறது. கிளிமஞ்சாரோ சுமைக்காரர் உதவித் திட்டம் என்று பெயர். குளிருடுப்பு இல்லாத சுமைக்காரருக்கு உடுப்பு இரவல் கொடுப்பதும், கம்பனிகள் கூலியையும் உணவையும் ஒழுங்காகக் கொடுக்கின்றனவா என்று பார்ப்பதும் அதன் வேலை. அதனோடு சேர்ந்த கம்பனிகளில் ஒன்றுதான் நமக்கு எட்டு நாள் கணக்கு அனுப்பியிருந்தது. நம் மூன்று கேள்விக்கும் அது தொகைகளோடு விடை எழுதிற்று. கூலி இவ்வளவு, உணவு மூன்று வேளை, படுக்கத் தனிக் கூடாரம், சுமை 20 கிலோவுக்குமேல் இல்லை, வாயிலில் நிறுக்கப்படும்.

தாயாரிடம் சொன்னோம். தராசு என்றதும் அவர் முகம் மாறிற்று. “தராசு முள்ளை யாரு பார்ப்பா? எங்க பாலைக் கிராணி நிறுத்து அவராகவே எழுதிக்குவாரு. நாங்க எட்டிப் பார்த்தா அதட்டுவாரு. நீ போனா பக்கத்திலே நின்னு பாரு” என்றார். வாயிலில் நிறுத்தபின் வழியில் சுமை கைமாறுவதும் உண்டென்று படித்திருந்தோம். ஆகையால் முதல் நாளில் மட்டுமின்றி இடையிலும் நின்று பார்ப்பதென்று குறித்துக்கொண்டோம்.

1889-இல் ஹான்ஸ் மேயர், லுட்விக் புர்ட்ஷெல்லர் ஆகிய இருவர் முதன்முதலாக உச்சியை அடைந்தனர் என்று நூல்கள் சொல்லும். மராங்கு ஊராரோ, அப் பயணத்துக்கு வழிகாட்டியவர் என்று யோஹானி கின்யாலா லாவோ என்ற தம் ஊராரையும் நினைவுகூருகிறார்கள். ஜெர்மானியர் தங்கள் சக்கரவர்த்தியின் பெயரை அவ் வுச்சிக்கு இட்டிருந்தனர். 1961 டிசம்பர் 9-ஆம் நாள் தங்கனீக்கா விடுதலை பெற்றபோது அங்கே ஒரு தீபத்தை ஏற்றினார்கள். இப்போது அதன் பெயர் உகுரு. விடுதலை என்று பொருள்.

பயணத்தை அடுத்த ஆண்டு சனவரிக்குத் தள்ளிவிட்டோம். இரு மடங்கு பணம் சேர அவ்வளவு காலம் வேண்டும். முன்பு எதிர்த்த நண்பரும் மாதந்தோறும் தம் பங்கைக் கட்டிவருகிறார். லெமோஷோ பாதையில் எட்டு நாள். லேடாங் மலைக்கு மாதம் ஒருமுறை போகிறோம்.

சென்ற வாரம் ஒத்திகையாக மூட்டை கட்டிப் பார்த்தோம். ஆளுக்கு 15 கிலோ என்பது கம்பனியின் கட்டளை. மீதி, சுமைக்காரர் தூக்கும் கூடாரத்துக்கும் உணவுக்கும். மளிகைக் கடையிலிருந்து தராசு இரவல் வாங்க ஆள் அனுப்பியிருந்தோம். அது வருமுன் தாயார் எழுந்துவந்து, நம் மூட்டையின் வாரை ஒரு கையால் பிடித்துத் தரையிலிருந்து ஒரு சாண் தூக்கி, சற்று நேரம் அப்படியே வைத்திருந்து, கீழே இறக்கினார்.

“பதினெட்டு இருக்கும்” என்றார்.

தராசு பதினேழே முக்கால் காட்டிற்று. இரண்டு சட்டைகளையும், தடித்த புத்தகம் ஒன்றையும், தமக்கையார் நமக்காகச் செய்துவைத்திருந்த முறுக்கு டின்னையும் வெளியே எடுத்தோம். தாயார் மறுபடியும் வாரைப் பிடித்தார்.