துடுப்பா, மோட்டாரா?

செஞ்சிக் கோட்டையைப் பார்க்க எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். பக்கத்தில் அனந்தபுரத்திலேயே இருக்கும் எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கோ மலையும் பாறையும் பழகிப் போனவை. தண்ணீர் என்றால்தான் கொள்ளை ஆசை! அதனால் போன விடுமுறையில் சிதம்பரத்தை அடுத்த பிச்சாவரத்துக்குக் கிளம்பினோம். நானும் அவரும், மகன், மூட்டுவலிக்கார அத்தை, மகள் வயிற்றுப் பேத்தி நாலு வயசுக்காரி, ஆக ஐந்து பேர்.

அங்கே துடுப்புப் படகும் உண்டு, மோட்டார் படகும் உண்டு. "மோட்டார்லயே போலாம்மா, ஜோரா இருக்கும்" என்றான் மகன். "எது ஆடாதோ அதுல ஏத்துங்க" என்றார் அத்தை.

நேரம் குறைவு, வேகமாக ஒரு சுற்று போதும் என்பவர்களுக்கு மோட்டார் படகு சௌகரியம்தான். ஆனால் அது அகலமான கால்வாயோடு சரி. சுரபுன்னை மரங்கள் இரு பக்கமும் வேரூன்றி, தலைக்கு மேல் பந்தல் போட்டிருக்கும் குறுகிய வாய்க்கால்களுக்குள் துடுப்புப் படகுதான் நுழையும். சத்தம் இல்லாததால் பறவைகளும் பயந்து பறக்காது. காட்டைப் பார்க்க வந்துவிட்டு, வெளியே சுற்றிவிட்டுத் திரும்புவானேன்? துடுப்புப் படகு என்று முடிவாயிற்று.

எந்தப் படகானாலும் லைஃப் ஜாக்கெட் விஷயத்தில் நான் கறார். 2009-ல் தேக்கடியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் போனார்கள். 2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காட்டில் உல்லாசமாகப் படகில் போன 22 பேர் மூழ்கினார்கள். பேத்தி ஜாக்கெட் வேண்டாமென்று ஒரே அழுகை. "கொஞ்ச நேரத்துக்குத்தானே, வேர்க்குது பாவம், கழட்டிடேன்" என்றார் அவர். "அப்ப யாரும் ஏற வேணாம்" என்றேன். பிறகு அவரே ஒரு முறுக்கைக் கையில் கொடுத்துச் சமாதானம் செய்தார்!

குழந்தைக்கு ஜாக்கெட் மாட்டியதும் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். காதுவரை ஏறினால் அது பெரிய அளவு, மாற்றிக் கேளுங்கள். ஏறும்போது ஒவ்வொருவராக ஏறி, வயதானவர்களை நடுவில் உட்கார வையுங்கள். வேடிக்கை பார்க்க எல்லோரும் ஒரே பக்கம் சாயக் கூடாது. எழுந்து நிற்கவும் கூடாது.

அத்தையின் கையைப் படகோட்டி பிடித்துக்கொள்ள, பத்திரமாக உட்கார்ந்துவிட்டார். உள்ளே போனதும் படகோட்டி ஒரு மரத்தைக் காட்டி, "இதாம்மா தில்லை" என்றார். சிதம்பரம் கோயிலின் தல விருட்சம்! "பேரைத்தான் கேட்டிருக்கேன், இப்பத்தான் கண்ணால பாக்கறேன்" என்று கன்னத்தில் போட்டுக் கொண்டார் அத்தை. மோட்டார் கேட்ட மகன்கூட வாயைத் திறக்கவில்லை.

தில்லையின் பால் கண்ணில் பட்டால் ஆபத்து. படகு கிளையை உரசிக்கொண்டு போகும்போது குழந்தைகள் இலையைக் கிள்ளாமல் பார்த்துக் கொள்ளுங்கள். தொப்பி, குடிநீர், காலை வெயில் ஏறுமுன் சவாரி, இவ்வளவும் இருந்தால் பாட்டி முதல் பேத்தி வரை சந்தோஷமாகத் திரும்பலாம்.