மிக்ஸிக்கு அடியில் ஒரு பட்டன்

மிக்ஸியைக் கவிழ்த்துப் பார்த்தால் அடியில் சின்னதாக ஒரு சிவப்பு பட்டன் இருக்கும். கெட்டியாக எதையாவது அரைக்கும்போது மிக்ஸி திடீரென்று நின்றுபோனால், கொஞ்ச நேரம் ஆறவிட்டு அதை அழுத்த வேண்டும். 'டிக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான், மறுபடி ஓடும். நான் ஆறேழு வயதிலேயே அழுத்திப் பழகிய பட்டன் அது. அதற்குள் என்ன இருக்கிறது என்று இன்ஜினியரிங் படித்தபோதுதான் தெரிந்தது.

இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த ஒரு தகடு. மோட்டாருக்குப் போகும் கரண்ட் அதன் வழியாகத்தான் போகிறது. ஜாரில் பருப்பு இறுகிக்கொண்டால் மோட்டார் அதிக கரண்டை இழுக்கும், தகடு சூடாகும். ஒரு உலோகம் அதிகம் விரியும், மற்றது குறைவாக விரியும், வேறு வழியில்லாமல் தகடு வளையும். இணைப்பு விட்டுப்போகும். 18-ஆம் நூற்றாண்டில் ஜான் ஹாரிசன் கடிகாரத்துக்காகக் கண்டுபிடித்த சங்கதி இது. சூடேற நேரம் பிடிப்பதால், மோட்டார் கிளம்பும்போது ஒரு கணம் இழுக்கும் அதிக கரண்டை இது கண்டுகொள்ளாது. தொடர்ந்து இழுத்தால்தான் நிறுத்தும்.

ஆறியதும் தகடு தானாகவே நிமிர்ந்துவிடும். அப்புறம் எதற்குப் பட்டன்?

ஃபிரிட்ஜ் கம்ப்ரஸரில் இருக்கும் இதே மாதிரியான பாதுகாப்புக்குப் பட்டன் கிடையாது. அது ஆறியதும் தானே இணைத்துக்கொள்ளும். ஃபிரிட்ஜ் பக்கத்தில் யாரும் காவல் நிற்பதில்லை, உள்ளே யாரும் கை விடுவதுமில்லை. ஆனால் மிக்ஸி நின்றால் நாம் என்ன செய்வோம்? மூடியைத் திறந்து விரலாலோ கரண்டியாலோ கிளறுவோம். ஸ்விட்ச் பாட்டுக்கு ஆனிலேயே இருக்கும். அந்த நேரத்தில் பிளேடு தானாகச் சுற்ற ஆரம்பித்தால்? சூடு குறைந்தது தகட்டுக்குத் தெரியும். கை வெளியே வந்ததா என்று தெரியாது. அதனால்தான் கொக்கி போட்டு நிறுத்தி, ஒரு மனிதருக்காகக் காத்திருக்கிறது.

சாஃப்ட்வேரிலும் சர்க்யூட் பிரேக்கர் உண்டு. மைக்கேல் நைகார்டின் 2007-ஆம் ஆண்டுப் புத்தகத்துக்குப் பிறகு அது பிரபலமானது. ஆனால் பெரும்பாலும் நாங்கள் வைப்பதெல்லாம் ஃபிரிட்ஜ் வகைதான். குபர்னெட்டிஸில் ஒரு புரோகிராம் திரும்பத் திரும்ப விழுந்தால் வழக்கமாக 10 விநாடி பொறுத்துத் தானே எழுப்பும். மறுபடி விழுந்தால் 20, அப்புறம் 40. அப்படியே 5 நிமிடம் வரை போகும். எத்தனை முறை விழுந்தாலும் எழுப்பிக்கொண்டே இருக்கும்.

முன்பு வேலை பார்த்த இடத்தில் ஒரு சர்வீஸ் தினமும் ராத்திரி மெமரி தீர்ந்து செத்து, தானே எழுந்துகொண்டிருந்தது. காலையில் டாஷ்போர்டு முழுக்கப் பச்சை. யாரும் பார்க்கவில்லை. ஒருநாள் பணம் அனுப்பும் நடுவில் விழுந்து எழுந்தது. ஒருவர் கணக்கில் ஒரே தொகை இரண்டு தடவை கழிந்துவிட்டது. அவருக்கு அது வீட்டு வாடகை.

மூன்று தடவை விழுந்தால் நின்றுவிடட்டும், யாராவது பார்த்துவிட்டுக் கிளப்பட்டும் என்றேன். "ராத்திரி மூணு மணிக்கு யார் எழுந்திருக்கிறது?" என்றார்கள். நியாயமான கேள்விதான். பட்டன் வைத்தால் யாரோ ஒருவரின் தூக்கம் போகும். ரொம்ப இழுபறிக்குப் பிறகு சம்மதித்தார்கள்.

முதல் வாரம் தினமும் போன் வந்தது. எல்லோரும் என்னைத் திட்டினார்கள். இரண்டாம் வாரம், தூக்கம் கெட்ட கடுப்பில் ஒருவர் உட்கார்ந்து அந்த மெமரி லீக்கைக் கண்டுபிடித்தார்.