அப்பாவுக்காக எடுத்த படங்கள்

பிரசங்கம் ஆயத்தம்பண்ணவேண்டிய ஒரு சனிக்கிழமையைப் பழைய விமான இயந்திரம் ஒன்றின் முன்னே, கேமராவும் முக்காலியுமாகக் கழித்தேன் என்றால் உங்களில் சிலர் வருத்தப்படக்கூடும். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

என் தகப்பனார் விமானப்படையில் இயந்திரங்களைப் பழுதுபார்த்தவர். அஸ்ஸாமின் ஜோர்ஹாட்டில், டகோட்டா விமானங்களோடு அவருடைய வாலிபம் கழிந்தது. இப்போது வயது 86. அம்மா மறைந்தபின் பேச்சு குறைந்து, கடைசியில் ஒரு 'ம்' என்பதோடு நின்றுவிட்டது. எத்தனையோ துக்க வீடுகளில் பிறரைப் பேசவைத்த எனக்கு, என் சொந்த வீட்டில் ஒரு வார்த்தையும் அகப்படவில்லை. ஆகவே கேமராவை எடுத்துக்கொண்டு புறப்பட்டேன்.

அருங்காட்சியகத்தில், மேலுறை அகற்றப்பட்டு நின்றது டகோட்டாவின் பிராட் அண்ட் விட்னி ட்வின் வாஸ்ப். முன்வரிசையில் ஏழும் பின்வரிசையில் ஏழுமாக, நட்சத்திரம்போல் விரிந்த 14 சிலிண்டர்கள். கொள்ளளவு 30 லிட்டர். ஏறத்தாழ 1,200 குதிரைத்திறன். தண்ணீரால் அல்ல, காற்றால் குளிர்வது. அதற்காகவே ஒவ்வொரு சிலிண்டரையும் மெல்லிய தகடுகள் அடுக்கடுக்காகச் சூழ்ந்திருக்கின்றன.

படமெடுப்பவனைச் சோதிப்பவை அந்தத் தகடுகளே. ஃபிளாஷ் போட்டால் உலோகம் வெளுத்துப்போகும்; இடுக்குகளிலோ இருள் அப்படியே இருக்கும். தண்ணீர், கண்ணாடி ஆகியவற்றின் மினுக்கத்தை அடக்கும் போலரைசிங் வடிகட்டியும் பூச்சற்ற உலோகத்தின்முன் பயன்படுவதில்லை. (அதை வாங்கியபின்புதான் அறிந்துகொண்டேன்.) முடிவில் ஒரு வெள்ளைத் தெர்மாகோல் பலகையைப் பக்கவாட்டில் நிறுத்தி, ஜன்னல் வெளிச்சத்தைத் திருப்பிவிட்டு, எஃப் 11-இல் நான்கு விநாடி திறந்து வைத்தேன். இருளுக்குள்ளிருந்து தகடுகள் ஒவ்வொன்றாக வெளிவந்தன.

அன்று மாலை பெரிய அளவில் அச்சிட்ட படங்களை அப்பாவின் மடியில் வைத்தேன். நான் பெருமைப்பட்டவற்றையெல்லாம் அவர் ஒதுக்கினார். வெளிச்சம் சரியாக அமையாத ஒரு படத்தில் அவர் விரல் நின்றது. அதிர்வில் போல்ட் தளராதபடி அதன் தலையில் துளையிட்டுக் கோத்து முறுக்கும் லாக்கிங் வயர் அதில் தெரிந்தது.

"யாருல இதக் கெட்டுனது? தலைகீழால்லா இழுத்திருக்கான். இப்படி இழுத்தா போல்ட் கழலத்தான செய்யும்?"

போல்ட்டை இறுக்கும் திசையில் அந்தக் கம்பி இழுக்கவேண்டுமாம். பிறகு ஜோர்ஹாட்டின் குளிர்காலை வந்தது. இரவில் கீழ்ச் சிலிண்டர்களில் எண்ணெய் இறங்கித் தேங்கியிருக்கும். ஸ்டார்ட் செய்வதற்குமுன் புரொப்பல்லரைக் கையாலேயே சுற்றிப் பார்க்கவேண்டும். எங்காவது இறுகி நின்றால் பலவந்தம்பண்ணலாகாது, பிளக்கைக் கழற்றி எண்ணெயை வடிக்கவேண்டும். அந்தக் கைகள் மடியின்மேல் எதையோ சுற்றிக்கொண்டிருந்தன. அம்மாவுக்கு அங்கிருந்து எழுதிய கடிதங்களில் எண்ணெய்க் கறை படிந்திருக்கும் என்றார். நான் குறுக்கே பேசவில்லை.

அரைமணி நேரத்துக்குப்பின் படங்களை மறுபடியும் புரட்டினார்.

"பின்பக்கம் எங்க? மேக்னெட்டோ, பம்ப்பெல்லாம் அங்கதான இருக்கு."

இயந்திரத்தின் பின்புறம் சுவரை ஒட்டியிருந்தது என்றேன்.

"கேட்டா நவுத்தித் தருவான். போய் எடுத்துட்டு வா."

வருகிற சனிக்கிழமையும் நான் வீட்டிலிருக்கமாட்டேன்.